ஸ்டாண்டில் ஓடிய நாற்பது கிலோமீட்டர்

குருவுக்கு இருபத்தெட்டு வயது. சீடருக்கு அறுபத்தொன்று.

நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன்பிடி ஊர். நவம்பர் கடைசியில் அங்கிருந்து போகிற சூரியன் ஜனவரி முடியும் மட்டும் திரும்பி வராது. மத்தியானத்தில் வானம் கொஞ்சம் நீலமாகும். அதைத்தான் ஊரார் பகல் என்று சொல்லிக்கொள்வார்கள்.

சீடர் தில்லையம்பலம் அந்த ஊரில் பனி ஸ்கூட்டர் திருத்துகிறவர். அது சக்கரமில்லாத வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் பல் வைத்த அகலமான ரப்பர் பெல்ட். பெல்ட் சுற்றச் சுற்ற வண்டி பனிமேல் ஓடும்.

குரு அனோஜா ஊர் இசைப்பள்ளியில் படிப்பிக்கிறவள். அவளிடம் ஒரு லூப் பெட்டி உண்டு. காலால் ஒருமுறை அமுக்கினால் நாம் எழுப்பும் சத்தத்தை அது பிடித்துக்கொள்ளும். மறுமுறை அமுக்கினால் பிடித்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லும். அதன்மேல் இன்னொரு சத்தம், அதற்கும் மேல் இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போகலாம். ஒருத்தியாக நின்று ஒன்பது பேரின் கச்சேரியை அவள் செய்வது அப்படித்தான்.

ஒரு குளிர்காலத்தில் அவள் தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

"என்ன பிழை?" என்றார் தில்லையம்பலம்.

"பிழை ஒண்டும் இல்லை மாமா. ஆனா அழுகுது. வழி முழுக்க ஒரே சுருதியிலை அழுகுது."

அவர் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். அழத்தான் செய்தது. பெல்ட்டின் பற்களெல்லாம் ஒரே இடைவெளியில் இருந்தன. ஒவ்வொன்றும் பனியை ஒரே கணக்கில் அடிக்க, அடியெல்லாம் சேர்ந்து ஒரே ஊளையாகிவிட்டிருந்தது. அவர் சில பற்களைச் சீவினார். சிலவற்றை இடம் மாற்றி ஒட்டினார். ஒழுங்கைக் கொஞ்சம் கெடுத்து விட்டார், அவ்வளவுதான்.

அவள் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"இப்ப அழேல்லை. முணுமுணுக்குது. பக்கத்திலை இருந்து ஆரோ கதை சொல்லுற மாதிரிக் கிடக்கு. இதுக்கு நான் உங்களுக்கு என்ன தாறது?"

"அந்தப் பெட்டியை எனக்குப் பழக்குங்கோ."

அவரிடம் ஒரு முகர்சிங் இருந்தது. பல்லில் வைத்து விரலால் தட்டுகிற சின்ன இரும்பு வாத்தியம். நோர்வேக்காரரும் அதை வாசிப்பார்கள் என்பதால் இந்த ஊர்ப் பழைய சாமான் சந்தையில்தான் அது அவருக்குக் கிடைத்தது. அதை வாயில் வைத்தால் எஞ்சின் குளிரில் எழும்ப மறுக்கிறபோது போடுகிற சத்தம் வரும். அதனாலேயே அவருக்கு அதில் ஒரு பிடிப்பு.

அன்றிலிருந்து அவர் அவளை ரீச்சர் என்றே கூப்பிட்டார். மனைவி சிவமலருக்கு அது பெரிய பகிடி.

"உந்த ரீச்சருக்குச் சின்னனிலை மூக்குச் சிந்திவிட்டது நானப்பா."

"அது அப்ப."

முதல் பாடத்திலேயே தில்லையம்பலத்துக்குச் சிக்கல் வந்தது. பட்டறைத் தரை பனிக்கட்டி மாதிரிக் குளிரும். கனத்த பனிச் சப்பாத்தோடு பெட்டியை மிதித்தால், பிடிக்கிற பொத்தானும் நிறுத்துகிற பொத்தானும் ஒன்றாக அமுங்கின. பிடித்த சத்தம் பிறந்த இடத்திலேயே செத்தது.

"ரீச்சர், சப்பாத்தைக் கழட்டட்டோ?"

"கழட்டலாம். விரல் உங்கடை."

அவர் யோசித்தார். ஸ்கூட்டரில் வேகம் கூட்டுவதற்கு வலது கைப்பிடியில் ஒரு சின்னத் தடி உண்டு. கையுறையோடு கட்டைவிரலால் தள்ளுகிற தடி. பழைய வண்டி ஒன்றிலிருந்து அதைக் கழற்றி, வயர் இழுத்துப் பெட்டியோடு பூட்டினார். தடியைத் தள்ளினால் பெட்டி பிடித்தது, விட்டால் சுற்றியது.

அனோஜா அதை வாங்கித் தள்ளிப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள், மறுபடி தள்ளினாள். கொஞ்ச நேரம் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

"எனக்கும் ஒண்டு செய்து தாங்கோ" என்றாள்.

குருவே கேட்டுவிட்டாள் என்று தில்லையம்பலம் அன்று வீட்டுக்குப் பாடிக்கொண்டு போனார்.

பிறகு அவர் ஒரு லூப் செய்யத் தொடங்கினார். எட்டு எண்ணுவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். அவ்வளவு சின்னது. ஆனால் அதைச் செய்ய அவருக்கு இரண்டு குளிர்காலம் ஆனது. முதலில் பிடித்ததில் குளிர்பெட்டியின் இரைச்சல் இருந்தது. அழித்தார். அடுத்ததில் தன் மூச்சு கேட்டது. அழித்தார். சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டார். காற்று வீசுகிற நாளில் வாசிக்கவே மாட்டார். கடைசியில் ஒரு தூசும் இல்லாத லூப் கிடைத்தது. முகர்சிங்கின் அடி, அதன்மேல் ஸ்பானரைத் தட்டிய மெல்லிய ஓசை, அடியில் ஒரு முனகல்.

கேட்டவர் இரண்டே பேர். ஒருத்தி அனோஜா. மற்றவள் சிவமலர், அதுவும் வீட்டிலிருந்தபடி, கம்பளிக்கும் சுவருக்கும் ஊடாக.

"ரெண்டு குளிரும் அதே டொய்ங் டொய்ங்தான்" என்றாள் சிவமலர். "பக்டறியிலை மீன் வெட்டேக்கையும் என்ரை கை அதுக்குத்தான் வெட்டுது. பக்கத்திலை நிக்கிற ரஷ்யாக்காரியும் இப்ப அப்பிடித்தான் வெட்டுறாள். சூப்பர்வைசர் கேக்கிறான், என்ன நீங்கள் எல்லாரும் டான்ஸ் ஆடுறியளோ எண்டு."

தில்லையம்பலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரி நடுவில் அனோஜா வந்தாள். கோட்டுப் பையிலிருந்து கச்சான் கடலையை எடுத்து உடைத்துத் தின்றபடி சொன்னாள்:

"சூரியன் வாற நாளுக்கு உங்கடை பேரைக் குடுத்திட்டன் மாமா."

சூரியன் வருகிற நாளில் ஊரே மலைக்கு ஏறும். பிள்ளைகள் தலையில் கடதாசிக் கிரீடம், கையில் சீனி தடவிய பணிஸ் ரொட்டி. மத்தியானம் ஒரு கீற்று தெரியும். இரண்டொரு நிமிடம்தான். அதற்கு முன் யாராவது ஒருவர் வாத்தியம் வாசிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

தில்லையம்பலம் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஏலாது ரீச்சர்."

"ஏன்?"

"அது இன்னும் முடியேல்லை. இன்னும் ரெண்டு குளிர் வேணும்."

"ம்."

"சிரிக்காதையுங்கோ. சும்மா சுத்துது ரீச்சர். சுத்திக்கொண்டே இருக்கு, எங்கையும் போகேல்லை. நான் எத்தினை தரம் துடைச்சும் போகேல்லை. உங்கடை லூப்பும் சுத்துறதுதான். ஆனா அது கேக்கிறவனை எங்கையோ கொண்டுபோகுது. என்ரை ஏன் போகேல்லை? எல்லாரும் நான் திருத்தின ஸ்கூட்டரிலை மலைக்கு வருவினம். அவைக்கு முன்னாலை அவமானப்பட ஏலாது."

அனோஜா பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். நடுவில் ஒரு ஸ்கூட்டர் பின்பக்கம் தூக்கப்பட்டு ஸ்டாண்டில் நின்றது. புது பெல்ட் போட்டதால் அதைச் சோதிக்க விட்டிருந்தார். வேகத்தடியைக் கட்டிவைத்திருந்தார். பெல்ட் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எவ்வளவு தூரம் ஓடியிருக்கு?"

அவர் எட்டி மீட்டரைப் பார்த்தார். "நாப்பது கிலோமீட்டர்."

"எந்த ஊர் மட்டும்?"

"பகிடியோ ரீச்சர்? ஸ்டாண்டிலை நிக்குது."

"பெல்ட் பிழையோ?"

"பெல்ட் திறம்."

"எஞ்சின்?"

"எஞ்சினும் திறம். எல்லாம் திறம்."

அனோஜா வாசல் கதவை அகலத் திறந்தாள். முற்றத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. எதிரே மதில் உயரத்துக்குப் பனி குவிந்திருந்தது. திரும்பி வந்து அவருடைய இடுப்பைப் பார்த்தாள். ஸ்கூட்டரின் பாதுகாப்புக் கயிறு அவர் இடுப்புப் பட்டியில் மாட்டியிருந்தது. ஆள் விழுந்தால் கயிறு கழன்று எஞ்சின் நின்றுவிடும்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ மாமா."

தள்ளி நின்றார். அவள் ஸ்டாண்டைக் காலால் ஒரு உதை விட்டாள்.

பெல்ட் தரையைத் தொட்டதும் ஸ்கூட்டர் அவிழ்த்துவிட்ட கன்று மாதிரிப் பாய்ந்தது. கயிறு படீரென்று கழன்றது. எஞ்சின் நின்றது. ஆனால் வந்த வேகத்தில் வண்டி வாசலைத் தாண்டி, முற்றத்தைக் கடந்து, பனிக்குவியலுக்குள் இருக்கை மட்டும் தெரியப் புகுந்து நின்றது.

"ஐயோ! விசரே உனக்கு!" என்று கத்திவிட்டுத் தில்லையம்பலம் வாயைப் பொத்திக்கொண்டார். ரீச்சரை நீ என்று சொல்லிவிட்டார்.

அனோஜா ஒரு கச்சானை உடைத்தாள்.

"இப்ப எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பின்னேரம் முழுக்க அவர் வண்டியைத் தோண்டி எடுத்தார். பெல்ட்டில் பனி இறுகியிருந்தது. பல் பல்லாகத் துணியால் துடைத்தார். அது அவருடைய பழக்கம். அவர் பட்டறையிலிருந்து போகிற ஸ்கூட்டர் பனியையே காணாதது மாதிரி இருக்கும். துடைத்துத் துடைத்து யோசித்தும் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"பெட்டை உங்களைப் பழிவாங்குறாள்" என்றாள் சிவமலர் யன்னலால். "நான் மூக்கைக் கனக்க அழுத்திச் சிந்திப்போட்டன் போலை."

அந்த நாளும் வந்தது. அதற்குள் ஏலாது என்று சொல்ல அவர் மூன்று தரம் இசைப்பள்ளிக்குப் போயிருந்தார். மூன்று தரமும் அனோஜா கச்சான் கொடுத்து அனுப்பினாள். கடைசியில் பெட்டியையும் ஸ்பீக்கரையும் இழுவை வண்டியில் கட்டி, ஸ்கூட்டரில் மலைக்கு ஏறினார்.

ஊர் முழுவதும் அங்கே நின்றது. கிழக்கும் தெற்கும் செம்மை பூசியிருந்தன. தில்லையம்பலம் கையுறையைச் சரிசெய்துகொண்டு லூப்பைச் சுற்ற விட்டார்.

சுத்தமாக வந்தது. ஒரு தூசு இல்லை. எட்டு எண்ணிக்கை, மறுபடி எட்டு. சனம் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தேவாலயத்தில் நிற்பது மாதிரி மரியாதையாக நின்றது. ஒருவரும் அசையவில்லை. அவர் சனத்தின் கால்களைப் பார்த்தார். "ஸ்டாண்டிலை சுத்துது" என்று நினைத்தார். நினைத்த பிறகுதான் தான் என்ன நினைத்தோம் என்பது அவருக்கே கேட்டது.

மேலே ஒரு அடி போடலாம் என்று முகர்சிங்கை வாயில் வைத்துத் தடியைத் தள்ளினார். வாசித்துவிட்டு விரலை எடுத்தார். தடி திரும்பி வரவில்லை. தள்ளினபடியே நின்றது.

வேகத்தடிக்குள் ஈரம் போனால் உறைந்து இறுகிவிடும், கவனம் என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறவர் அவர். தன் பெட்டிக்குப் பூட்டியதும் அதே தடிதான் என்பது அவருக்கு நினைவு வரவில்லை.

பழைய சுற்று ஓட ஓட, பெட்டி எல்லாவற்றையும் அதன்மேல் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் சிவமலருக்குப் பக்கத்தில் நின்ற ரஷ்யாக்காரி தும்மினாள். பெரிய தும்மல். அடுத்த சுற்றில் அதே தும்மல் ஸ்பீக்கரில் வந்தது, சரியாக அடியின்மேல் விழுந்து. ஒரு பிள்ளை கெக்கட்டமிட்டுச் சிரித்தது. அடுத்த சுற்றில் தும்மல், பிறகு சிரிப்பு. "ஐயோ!" என்றாள் சிவமலர். அதற்கடுத்த சுற்றில் தும்மல், சிரிப்பு, ஐயோ.

தில்லையம்பலம் தடியை ஊதினார், தட்டினார். அது அசையவில்லை. ஒரு நாய் குரைத்தது. அந்தக் குரைப்பும் வந்து வரிசையில் நின்றுகொண்டது.

அப்போது மீன் தொழிற்சாலைப் பெண்கள் காலைத் தூக்கினார்கள். அவர்களுக்கு அந்தத் தாளம் புதிதல்ல. இரண்டு குளிராக அதற்குத்தான் மீன் வெட்டினார்கள். பத்துச் சோடிச் சப்பாத்து ஒன்றாகப் பனியை மிதித்தது. சூப்பர்வைசர் முதலில் முறைத்தான். பிறகு அவனும் மிதித்தான். ஒவ்வொரு சுற்றிலும் மிதி பெருத்தது. மலையே தாளம் போட்டது.

தில்லையம்பலம் ஊதுவதை நிறுத்தினார். முகர்சிங்கை மறுபடி வாயில் வைத்தார்.

சூரியன் கீற்றாக எழும்பியது. "ஓ!" என்று சனம் எழுப்பிய சத்தத்தில் பறவைகள் கிளம்பின. அந்த ஓவும் பெட்டிக்குள் போனது. சூரியன் திரும்ப இறங்கிவிட்டது. ஆனால் எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை "ஓ!" என்று அது வந்த சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தரமும் சனம் திரும்பி மலைவிளிம்பைப் பார்த்தது, ஏமாந்தது, சிரித்தது. கடைசியில் அவர் வயரைப் பிடுங்கித்தான் பாட்டு நின்றது.

எல்லோரும் கோப்பி குடிக்க இறங்கினார்கள். போகிற வழியெல்லாம் பிள்ளைகள் தும்மல், சிரிப்பு, ஐயோ, ஓ என்று பாடிக்கொண்டு போனார்கள்.

தில்லையம்பலம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் இருந்தார். அனோஜா பணிஸ் தின்றுகொண்டு வந்தாள். மூக்கில் சீனி.

"ரீச்சர், அண்டைக்கு நீங்கள் ஸ்டாண்டை உதைச்சது இப்பதான் விளங்குது."

"ம்."

"சனம் ஆடினது. என்ரை மனுசியும் ஆடினவள். எனக்குச் சந்தோசத்திலை கையும் ஓடேல்லை, காலும் ஓடேல்லை."

"பிறகென்ன முகம் இப்பிடி?"

அவர் பெட்டியைத் தடவினார்.

"ரெண்டு குளிர் துடைச்சு வைச்சது ரீச்சர். இப்ப தும்மல் ஒட்டிப்போச்சு. நாய் ஒட்டிப்போச்சு. இவளின்ரை ஐயோவும் ஒட்டிப்போச்சு. இனிப் பிரிச்செடுக்கேலாது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு முதல்லையிருந்து தொடங்கட்டோ?"

அனோஜா குனிந்தாள். ஸ்கூட்டரின் பெல்ட்டில், பல்லுக்குப் பல் இடையில், மலைப்பனி அப்பியிருந்தது. அதோடு கொஞ்சம் சீனியும், ஏதோவொரு பிள்ளையின் கடதாசிக் கிரீடத்தின் மஞ்சள் துண்டும்.

அவள் விரலால் அதைக் காட்டினாள்.

"இதையும் துடைச்சுப்போட்டோ வீட்டை போகப்போறியள், மாமா?"