குடைக்காரர் ஓட்டிய பஸ்

திருநெல்வேலியில் பஸ் ஓட்டும் வீடியோ கேம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று. அந்த கேமில், சாலையோரம் பனைமர உயரத்துக்குக் கார்முகில் குடையின் விளம்பரப் பலகையை நிறுத்தியிருந்தார்கள். விளையாடுகிறவர்கள் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. சிலர் வேண்டுமென்றே பஸ்ஸை அதன்மேல் ஏற்றினார்கள்.

குடைக் கம்பெனி முதலாளி வெயிலுமுத்து நேரிலேயே வந்து குதித்தார். அவருக்கு இடி போலக் குரல்.

"எல்லாரும் தேடி வந்து என் குடையைப் பார்க்கணும். ஒரு வாரத்துல நடக்கலேன்னா ஒப்பந்தம் கிடையாது!"

ஒப்பந்தம் போனால் கேம் கம்பெனியை மூட வேண்டியதுதான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாள் முழுக்க விளையாடிப் பார்த்துப் பிழை சொல்லும் இசக்கியம்மாள் மட்டும், "சரி சார்" என்றாள்.

அடுத்த வாரம் வந்தவர் கேமைப் பார்த்ததும் கத்தினார். "என் பலகை எங்கம்மா?"

"எடுத்தாச்சு சார். நீங்களே ஒரு நடை ஓட்டிப் பாருங்க. லேட்டானா பாயிண்ட் குறையும்."

ஓட்டினார். திரையில் மழை கொட்டியது. ஒரு நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒருத்தி நனைந்துகொண்டு நின்றாள். நிறுத்தாமல் கடந்துபோனவர், சட்டென்று பிரேக் போட்டு பஸ்ஸைப் பின்னால் எடுத்தார். கண்டக்டர் இறங்கிக் குடை பிடித்து அவளை ஏற்றினார். குடைத் துணியில் சின்னதாகக் 'கார்முகில்' என்றிருந்தது.

"பாயிண்ட் போச்சே சார், ஏன் திரும்பினீங்க?"

"பிள்ளை நனையுதுல்லா!"

"பலகைக்காக யாரும் ரிவர்ஸ் எடுக்கலை சார்."

வெயிலுமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அடுத்த ஸ்டாப்புலயும் யாராவது நனையுதாங்களாம்மா?"