கையோட ஒரு வேலை

வீட்டு வேலை, கான்ட்ராக்டர், இன்சூரன்ஸ்னு நான் ஆரம்பிச்சதுமே உங்க மூஞ்சி தெரியுது. கான்ட்ராக்டர் ஓடிருப்பான், நாலு திட்டு திட்டலாம்னு வாயத் தொறந்து வச்சிருக்கீங்க. மூடிக்கங்க. இதுல திருடனே இல்ல. நாலு பேருமே நல்லவங்க. சிக்கலே அதுதான்.

வடவள்ளியில சுலோச்சனான்னு ஒரு அக்கா. கருவூல ஆபீஸ்ல முப்பது வருசம். பால் கவர்ல இருக்கறதக்கூட முழுசாப் படிச்சுட்டுத்தான் கத்தரிப்பாங்க. மழைத்தண்ணி இறங்காம இருக்க மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கக் கான்ட்ராக்டர் குழந்தைவேல் வந்தாரு.

"ஆளுங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?"

"எங்கிட்டப் போய்க் கேக்கறீங்களே அக்கா! பதினேழு வருசமா ஒரு ஆளுக்கு ஒரு கீறல் இல்லீங்க."

"கீறல் விழறதுக்கு முன்னாடிதாங்க பாலிசி எடுக்க முடியும்."

மனுசன் முனகிக்கிட்டே எடுத்தாரு. கொத்தனார் ரங்கராசு பேரு அதுல இருக்குதான்னு அக்கா விரல் வச்சுப் பாத்தாங்க. 'தட்டோடு வேலை முடியும் வரை'ன்னு போட்டிருந்துச்சு. சரின்னுட்டாங்க.

ஆறு நாள்ல வேலை முடிஞ்சுது. தண்ணி கட்டிப் பாத்தாங்க, ஒரு சொட்டு இறங்கல. 'வேலை முடிந்தது'ன்னு அக்காவே எழுதி, நாள், நேரம் போட்டு, குழந்தைவேல்கிட்ட கையெழுத்தும் வாங்கி ஃபைல்ல வச்சாங்க. அவரு கும்பிடு போட்டுட்டு அடுத்த சைட்டுக்குக் கிளம்பிட்டாரு.

ரங்கராசு கை கால் கழுவிட்டுக் காபி குடிச்சிட்டிருந்தாரு. அக்கா மேல கை காட்டினாங்க.

"கண்ணு, கையோட அந்தத் தண்ணி டேங்க் மூடியையும் கொஞ்சம் சரி பண்ணிட்டுப் போயிரேன்."

சிரிக்காதீங்க, நீங்களும் சொல்லிருக்கீங்க. 'கையோட'ன்னுட்டா அது வேலையே இல்ல, கூலியும் பேச வேண்டாம்.

பக்கத்து வீட்டு யூசுப் பாய் ஏணி குடுத்தாரு. நல்ல ஏணி. "கீழ ஒருத்தர் புடிச்சுக்கங்க"ன்னு சொல்லித்தான் குடுத்தாரு. அக்காவும் புடிச்சாங்க. கழுவின கால், ஈரம் காயல. வழுக்கிருச்சு. தொடை எலும்பு முறிஞ்சு போச்சு.

பாய்தான் கார்ல அள்ளிப் போட்டுட்டு ஓடினாரு. குழந்தைவேல் பாதி வேலைய விட்டுட்டு வந்தாரு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்ச ரங்கராசு மூணு பேரையும் பாத்துக் கும்பிடறாரு.

"பாய், நீங்க இல்லீன்னா கால் போயிருக்கும். முதலாளி, நீங்க பாலிசி போட்டீங்க. அக்கா, நீங்க கேட்டதாலதானுங்க அவரு போட்டாரு. இனி மூணு மாசம் படுத்துக் கெடந்தாலும் எம்புள்ளைங்க சாப்பிடும்."

மூணு பேரும் தலையாட்டிட்டு மெல்ல வராந்தாவுக்கு நழுவினாங்க. ஏன்னா இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க அப்பவே முடியாதுன்னுட்டாங்க. வேலை முடிஞ்சப்புறம் விழுந்தாராம், அக்கா காட்டின ஃபைல்லயே நேரம் இருக்குதாம். அக்காவோட வீட்டு பாலிசியோ சுவத்துக்கும் கூரைக்கும்தான். மனுசனுக்கு இல்ல.

"ரங்கராசு எங்காளுங்க, நான் பாத்துக்கறேன்"ங்கறாரு குழந்தைவேல். "ஏணி என்னோடதுங்க"ங்கறாரு பாய். "இருங்க, கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுதிப் பாக்கறேன்"ங்கறாங்க அக்கா.

இப்பச் சொல்லுங்க. ரங்கராசுவோட அந்த மூணு மாசத்துக்கு யாருங்க பொறுப்பு?

அங்கயே ஒரு பதில் வந்துச்சு. வராந்தா பெஞ்சுல உக்காந்து சாத்துக்குடி உரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் கேட்டுட்டிருந்த ஒரு அம்மா, வேற யாரையோ பாக்க வந்தவங்க, நிமிராமயே அக்காகிட்டச் சொன்னாங்க. "கான்ட்ராக்டர் வேலைய முடிச்சுட்டுப் போயிட்டாரு. ஏணி குடுத்தவரு எச்சரிச்சுத்தான் குடுத்தாரு. ஏறச் சொன்னது யாருங்க? அந்த அஞ்சு நிமிசத்துக்கு அவருக்கு முதலாளி நீங்கதானுங்க அக்கா."