மொச்சையைப் பிடுங்கினது யாரு?

ஒரு ஊர்ல ஒரு மூணாங்கிளாஸ். ஒரு நாள் காலையில கதவத் தொறந்தா, ஜன்னலோரம் வச்சிருந்த கொட்டாங்குச்சியில மொச்சை முளைல பாதி பிடுங்கிக் கெடக்குது. பசங்க “ஐயோ என்னுது, ஐயோ என்னுது”ன்னு கத்துறாங்க. நீ கண்ண மூடிக்கிட்டே கேளு. தொறந்தா நிறுத்திடுவேன்.

“ம்.”

உங்க கிளாஸ்ல இந்த மாசம் விதை முளைக்கிற பாடம்தானே? அவங்களுக்கும் அதேதான். ஆளுக்கு ஒரு கொட்டாங்குச்சி, ஆளுக்கு ஒரு மொச்சை. தெனம் தண்ணி தெளிக்கணும், வளர வளர படம் வரையணும். இப்ப எத வரையறது? செத்த முளையவா?

டேவிட் சாருக்குக் கோவம். லீடர் பொன்னுரங்கத்தக் கூப்பிட்டாரு. சார் இல்லாதப்ப பேசுறவங்க பேர போர்டுல எழுதுறதுதான் அவன் வேல. சினேகிதனா இருந்தாலும் எழுதிடுவான், கெஞ்சினாலும் அழிக்க மாட்டான். “யாருன்னு கண்டுபிடிடா. அவங்க வீட்டு ஆள வரச்சொல்லணும்”னாரு சார்.

உடனே கிளாஸே திரும்பி கடைசி வரிசையப் பாத்துச்சு. அங்க கிளியம்மா. செங்கல் சூளையில இருந்து புதுசா வந்து சேந்த பொண்ணு.

“அவதான் சார்”னான் ஒருத்தன்.

“அவ வந்தப்புறம்தான் சார் இப்படி”ன்னா இன்னொருத்தி.

எவனும் கண்ணால பாக்கல, தெரிஞ்சுக்கோ. கிளியம்மா பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா. அவ அப்பா அவளச் சேக்கும்போதே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போயிருந்தாரு: “ஒரு புகார் வந்தாலும் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன் சார். சூளையில கல்லு அறுக்க ஆள் பத்தல.”

“அவதானே அண்ணா?”

நீயுமா? சும்மா படு.

அப்புறம் பொன்னுரங்கம் யோசிச்சான். மொதல்ல அவனுக்கு அணில் மேல சந்தேகம். சாப்பாட்டு பெல் அடிச்சதும் பெஞ்சுக்கு அடியில படுத்துக்கிட்டான். கீச், கீச். அணில் ஜன்னல்ல ஏறுச்சு. வாலத் தூக்குச்சு. இந்தப் பக்கம் பாத்துச்சு, அந்தப் பக்கம் பாத்துச்சு. அப்புறம் எவனோ சிந்தின முறுக்குத் துண்டக் கவ்விக்கிட்டு சர்ருனு ஓடிடுச்சு. மொச்சையத் திரும்பிக்கூடப் பாக்கல.

மறுநாள் இன்னும் கொஞ்சம் முளை காலி.

அப்போ அவனுக்கு சார் மேலயே சந்தேகம் வந்துடுச்சு. சிரிக்காத, நெசமாத்தான். சார் தெனமும் பிரேயருக்கு முன்னாடி தனியா ஜன்னல்கிட்டப் போவாரு. எதுக்கு? கதவு இடுக்குல ஒட்டிக்கிட்டு நின்னான். சரக், சரக்னு சத்தம். எட்டிப் பாத்தா, சார் ஜன்னல் கண்ணாடியப் பாத்து தல வாருறாரு. இருக்கிற நாலு முடிய இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் இழுத்து வழுக்கைய மறைக்கிறாரு. அவ்ளோதான் ரகசியம்.

“ம்... அப்புறம்?”

அப்புறம் ஒரு நாள் எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டான். அப்பவும் உள்ள யாரோ இருக்காங்க. சத்தமில்லாம போய்ப் பாத்தான். கிளியம்மா! கொட்டாங்குச்சி முன்னாடி குந்திக்கிட்டு, விரலால மண்ண விலக்கி, முளையப் புடிச்சு மெதுவா... புளுக்!

“ஏய்! மாட்னியா!”

அவ ஓடல. “கத்தாத. இதுக்குத் தல மாட்டிக்கிச்சு”ன்னா.

“என்னது?”

“பாரு. கழுத்து மட்டும் வெளிய வளைஞ்சு நிக்குது, தல மண்ணுக்குள்ள. மூச்சு முட்டும்ல? எங்க தம்பி சேத்துக் குழியில இப்படித்தான் விழுந்தான். நாந்தான் இழுத்தேன்.”

பொன்னுரங்கம் நம்பல. நல்லா நடிக்கிறாளேன்னு நெனச்சான். “உன்னுது எங்க?”ன்னான்.

சார் மிச்சமிருந்த கொட்டாங்குச்சில ஒண்ண அவளுக்குக் குடுத்திருந்தாரு. அதக் காட்டினா. அவ மொதல்ல இழுத்ததே அவளோடதுதான். காஞ்சு நாராக் கெடந்துச்சு. அதுக்கு மேல ஈரத்துணிக் கிழிசல் ஒண்ணு போத்திவிட்டிருந்தா.

சூளையில மண்ணப் பெசைவாங்க, கல்லா அறுப்பாங்க, சுடுவாங்க. அவ பொறந்ததுலருந்து பாத்த மண்ணு அதுதான். மத்தவங்க விதை ஊனி பாடம் கேட்டப்ப அவ ஸ்கூல்லயே இல்ல. எவன் சொன்னான் அவளுக்கு?

“அது மாட்டல கிளியம்மா. அப்படித்தான் வரும். வளைஞ்சு வந்து அப்புறம் தானா நிமிரும்.”

“தானாவா?”

“ஆமா.”

அவ கையில இருந்த முளையவே பாத்தா. “அப்ப நான் இழுத்ததெல்லாம்?”

அவன் அந்த முளைய வாங்கி, அவ ஈரத்துணிக்கு அடியிலயே வச்சான்.

“...ம்.”

டண் டண் டண். பெல் அடிச்சாச்சு. எல்லாரும் வந்தாச்சு.

“என்னடா, தெரிஞ்சுதா?”ன்னாரு சார்.

“தெரிஞ்சுது சார். ஆனா கெடுக்கணும்னு செய்யல சார்.”

“அத நான் அவங்கப்பன்கிட்ட பேசிக்கிறேன். நீ பேர எழுது.”

சார் கெட்டவர் இல்ல. ஆனா அவர் பேசி முடிக்கிறதுக்குள்ள அந்த அப்பன் பொண்ணு கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிடுவாரு. அது கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் “கிளியம்மா! கிளியம்மா!”ன்னு பெஞ்சத் தட்டுதுங்க. தட தட தட. கடைசி வரிசையில அவ பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, கெளம்பத் தயாரா நிக்கிறா.

பொன்னுரங்கம் சாக்பீஸ எடுத்துக்கிட்டு போர்டுகிட்டப் போனான்.

“எழுதலன்னா நாளையிலருந்து நீ லீடர் இல்ல. எழுதுடா!”

“அண்ணா... எழுதினானா?”

கதை படுத்துடுச்சு, நீயும் படு. சார் இன்னொரு தடவையும் சொன்னாரு, பேர எழுதுடான்னு. அவன் எழுதல.