முள்ளித்திட்டின் மணலைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

கதைக்குள் நுழையுமுன் கேட்பவர் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன. அவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடுவில் கேட்டால் படகை நிறுத்த இயலாது.

முதலாவது, வெட்டாங்குறிச்சி என்பது கடலிலிருந்து வெகுதொலைவில், கருவேலங்காட்டுக்கு நடுவே உள்ள ஊர். அவ்வூரார் பிறர் சொல்லைத் தட்டியதில்லை. சொல்லின் பொருளைத் தொட்டதும் இல்லை.

இரண்டாவது, கடலுக்குள் பசு இருக்கிறதென்று யாரோ ஒருவர் அவ்வூரில் சொல்லிவிட்டுப் போனார். உண்மையா என்று பார்த்துவர ஊர் நான்கு பேரை அனுப்பியது. நால்வருக்கும் தலைவர் திருமேனி. உடன் சென்றவர்கள் அவருடைய மனைவி பூங்காவனம், பூங்காவனத்தின் தம்பி கோதண்டம், அடுத்த வீட்டு ஆதிமூலம் ஆகியோர். ஆதிமூலம் எதையும் நெடுநேரம் யோசித்துப் பார்த்து, அதன் பிறகே தவறாகச் சொல்வார்.

மூன்றாவதுதான் முக்கியமானது. ஆலமுனை என்னும் கடற்கரை ஊரில் மிக்கேலம்மாள் என்றொரு பெண்மணி இருந்தார். பதினெட்டு ஆண்டுகளாக ஐஸ் பெட்டி சுமந்த தம் வள்ளத்துக்குப் பச்சை வண்ணம் அடித்து, நிழலுக்குத் தார்ப்பாய் கட்டி, தீவுகளையும் அங்குள்ள உயிரினங்களையும் சுற்றிக் காட்டும் படகாக மாற்றியிருந்தார். அனுமதிச் சீட்டு மட்டும் கிடைக்கவில்லை. அதற்காக அவர் நெடுநாள் நடையாய் நடந்த பிறகு, தீவுக் காப்பாளர் பரஞ்சோதி ஒரே ஒரு வெள்ளோட்டத்துக்கு இசைந்தார். அது குறையின்றி முடிந்தால் அனுமதி உண்டு. ஒரு குறை நேர்ந்தாலும் வள்ளம் மீண்டும் ஐஸ் சுமக்கப் போக வேண்டியதுதான்.

அந்த வெள்ளோட்டத்துக்கு வந்து அமர்ந்தவர்கள் நம் நால்வர்.

காப்பாளர் படகுத்துறையில் நின்று மூன்று விதிகளைப் படித்தார். "தீவிலுள்ள எந்த உயிரையும் தொந்தரவு செய்யக் கூடாது. தீவிலிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது, அங்கே எதையும் விட்டு வரவும் கூடாது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இங்கே வந்து சேர்ந்திரணும்."

"உத்தரவு" என்று நால்வரும் எழுந்து நின்று சொன்னார்கள். வள்ளம் ஆடியது. இவ்வளவு பணிவான பயணிகள் வாய்த்ததை எண்ணி மிக்கேலம்மாள் மகிழ்ந்தார். சில பணிவுகளைக் கண்டால் அஞ்ச வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தீவுகளுக்கிடையே ஆழம் குறைந்து, நீருக்கடியில் புல் தெரியத் தொடங்கியதும் அவர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தார்.

"அண்ணாச்சியும் மதினியும் இடப்பக்கம் பாருங்க. தம்பிங்க ரெண்டு பேரும் வலப்பக்கம் பாருங்க. ஆவுளியா மூச்சு வாங்க மேலே வரும். ஒரு நொடிதான். கண்ணை மட்டும் எடுத்துராதீங்க."

ஆவுளியா என்பது கடற்பசுவுக்கு அக்கடற்கரையார் வழங்கும் பெயர். சொல்லி முடிக்கவும் இடப்பக்கத்தில் 'புஸ்' என்றொரு மூச்சு கேட்டது. சாம்பல் நிற முதுகு ஒன்று எண்ணெய் தடவியதுபோல் எழுந்து மின்னியது.

"வந்துட்டு! இடப்பக்கம்! எல்லாரும் பாருங்க!"

கோதண்டம் அசையவில்லை. "எங்களுக்கு வலப்பக்கம்னு சொல்லியாச்சே, யம்மா."

"அட, திரும்பிப் பாரு தம்பி!"

"கண்ணை எடுக்கக் கூடாதுன்னும் நீங்கதானே சொன்னீங்க."

ஆதிமூலமும் வலப்பக்கக் கடலை உறுத்துப் பார்த்தபடியே கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க வாயால சொல்லுங்க. நாங்க இங்கேயிருந்தே பார்த்துக்கிறோம். கொம்பு உண்டா?"

"இல்லை" என்றார் திருமேனி.

"காது?"

"வெளியே தெரியலை."

"கால்?"

"காலும் இல்லை."

"அப்புறம் எதை வச்சுப் பசுங்கிறீங்க?"

திருமேனி சற்று நேரம் கூர்ந்து நோக்கினார். "மெதுவாப் போகுது. கூப்பிட்டா திரும்பலை."

"நம்ம வீட்டுச் செவலையேதான்" என்று பூங்காவனம் கண்கலங்கினார்.

மிக்கேலம்மாள் இரக்கமுள்ளவர். வலப்பக்கத்தார் ஏமாறக் கூடாதென்று வள்ளத்தை மெல்ல அரைவட்டம் அடித்துத் திருப்பினார். இப்போது கடற்பசு வலப்பக்கம் ஆயிற்று.

"ஐயோ, நம்மது போயிட்டுதே!" என்றார் பூங்காவனம்.

"அக்கா, எங்களுக்கு ஒண்ணு வந்திருக்கு!" என்றார் கோதண்டம்.

"ஆக ரெண்டு" என்று ஆதிமூலம் முடிவு கூறினார்.

தவற்றைத் திருத்த மிக்கேலம்மாள் மேலும் நான்கு முறை திருப்பினார். எண்ணிக்கை ஆறானது. அதற்குமேல் தாங்காத கடற்பசு, தலைசுற்றியோ வெட்கப்பட்டோ, நீருக்குள் அமிழ்ந்துவிட்டது.

இரண்டரை மணிக்கு வள்ளம் முள்ளித்திட்டில் ஒதுங்கியது. ஆளில்லாத சிறிய தீவு அது. வெள்ளை மணலும் முட்புதரும் ஆலாப் பறவைகளின் கூச்சலுமே அங்கு உண்டு. அரைமணி நேரம் சுற்றிப் பார்க்கலாம் என்று மிக்கேலம்மாள் கூறினார்.

மணலில் கால் வைத்த ஆதிமூலத்தின் முன்னால் ஒரு நண்டு குறுக்கே வந்தது. அதைத் தொந்தரவு செய்யலாகாது என்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். நண்டு, அவர் தூக்கிய காலின் நிழலில் நின்று இளைப்பாறியது. அரைமணியில் இருபது நிமிடத்தை ஆதிமூலம் கொக்குபோல் நின்றே கழித்தார். தீவில் உண்மையாகவே நின்றிருந்த கொக்குகள் இரண்டு அவரை நெடுநேரம் உற்றுப் பார்த்தன.

திருமேனியின் நிலை இன்னும் கடினமானது. அவர் மணலில் விரித்த துண்டின்மேல் சங்கை முதுகில் சுமந்த முனிவன் நண்டு ஒன்று ஏறி அமர்ந்தது.

"துண்டை எடுத்தா நண்டும் வரும். எடுத்து வந்ததா ஆயிரும்" என்றார் திருமேனி.

"அப்போ துண்டை இங்கேயே போட்டுருங்க" என்றார் பூங்காவனம்.

"போட்டா விட்டு வந்ததா ஆயிரும்."

"பாதித் துண்டைக் கிழிச்சு எடுத்துக்கிட்டா?"

"பாதி விதியை மீறினதா ஆயிரும்."

நால்வரும் துண்டைச் சுற்றி அமர்ந்து, நண்டு தானாக எழுந்து போகும்வரை காத்திருந்தார்கள். மூன்றேகால் ஆயிற்று.

"ஏறுங்க, ஏறுங்க!" என்று மிக்கேலம்மாள் கூவினார். "நாலு மணிக்குள்ள கிளம்பலைன்னா அஞ்சுக்குப் போய்ச் சேர முடியாது!"

ஏறப் போன திருமேனி திரும்பிப் பார்த்துத் திகைத்து நின்றார். மணல் முழுவதும் அவர்களுடைய காலடித் தடங்கள்.

"இவ்வளவையும் விட்டுட்டா போறது?"

பூங்காவனம் பின்பக்கமாக நடந்துகொண்டே முந்தானையால் ஒவ்வொரு தடமாக அழித்துவந்தார். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கோதண்டம் எல்லாருடைய நிழலும் வந்துவிட்டதா என்று சரிபார்த்தார்.

"அத்தான், உங்க நிழல் பாதி வெளியே கிடக்கு."

"அப்படியா?" என்று திருமேனி உள்ளே நகர்ந்து அமர்ந்தார். நிழலும் உள்ளே வந்தது. அனைவரும் நிம்மதியடைந்தார்கள்.

இயந்திரத்தை முடுக்க மிக்கேலம்மாள் குனிந்தபோது ஆதிமூலம் யோசித்துவிட்டார்.

"அண்ணாச்சி, நம்ம கால்ல என்ன?"

"மணல்."

"யாரு மணல்?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். கரையில் நின்று கால்களை நன்றாக உதறினார்கள். நடந்து வந்து ஏறினார்கள். நடந்து வந்ததால் கால்களில் மறுபடி மணல் இருந்தது. மறுபடியும் இறங்கினார்கள். இறங்கியதால் உண்டான தடங்களைப் பூங்காவனம் மறுபடி அழித்தார். இவ்வாறு ஐந்து முறை நிகழ்ந்தது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு மணல் கொடுத்தார்களோ அவ்வளவையும் தீவு திருப்பித் தந்தது.

"பெருந்தன்மையான தீவு. வேண்டாம்னாலும் விடமாட்டேங்குது" என்றார் திருமேனி.

மிக்கேலம்மாள் கைகூப்பினார். "ஐயா, என் பொழைப்பு இதுல இருக்கு. மூணே முக்கால் ஆச்சு. கால்களை வெளியே தொங்கப் போட்டு உக்காருங்க. கடல் கழுவிரும்."

"கழுவின மணல் கடலுக்குப் போயிருமே? தீவுகிட்ட வாங்கினதைக் கடல்கிட்ட கொடுத்தா நியாயமா?" என்றார் திருமேனி.

"அலை அதைக் கரையில கொண்டு சேர்த்திரும்."

"சேர்த்திருச்சான்னு எப்படித் தெரியும்? ஒருத்தரைச் சாட்சிக்கு நிறுத்தலாமா?"

"ஆளை விட்டு வரக் கூடாது" என்று ஆதிமூலம் நினைவூட்டினார்.

மிக்கேலம்மாள் வானத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பிறகு உறுதியான குரலில் சொன்னார்: "அலை ரொம்பக் கூச்சப்படும். ஆள் பார்த்தா கொண்டு சேர்க்காது. நாலு பேரும் கண்ணை மூடுங்க."

மூடினார்கள். மிக்கேலம்மாள் ஒரே இழுப்பில் இயந்திரத்தை முடுக்கினார்.

வள்ளம் பறந்தது. பாதி வழியில் நாற்பது டால்பின்கள் இருபுறமும் துள்ளி வந்தன. குட்டிகள் தாயோடு ஒட்டிக் குதித்தன. ஒன்று வாலை ஊன்றி நின்று வள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தது. ஆலமுனையில் மூன்று தலைமுறையாக யாரும் கண்டிராத அக்காட்சியை மிக்கேலம்மாள் ஒருவரே கண்டார். மற்ற நால்வரும் கண்களை இறுக மூடியிருந்தார்கள். திறக்கச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கு அந்த அவசரத்தில் தோன்றவே இல்லை.

ஐந்தாக இரண்டு நிமிடம் இருக்கும்போது வள்ளம் துறையை முட்டியது. காப்பாளர் பரஞ்சோதி கையில் படிவத்தோடு நின்றிருந்தார்.

"இவங்க ஏன் கண்ணை மூடிக்கிட்டிருக்காங்க?"

"அசதி, ஐயா. கண்ணைத் திறங்க, எல்லாரும் திறங்க!"

காப்பாளர் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். "நேரம், சரி. தீவில் எதையாவது விட்டு வந்தீங்களா?"

"கால்தடத்தைக்கூட விடலை" என்றார் திருமேனி.

காப்பாளரின் முகம் மலர்ந்தது. "இப்படியல்லவா இருக்கணும்! தீவிலிருந்து எதையாவது எடுத்து வந்தீங்களா?"

"இல்..." என்று தொடங்கிய திருமேனியைக் கோதண்டம் தடுத்தார். "அத்தான், பொய் சொல்லக் கூடாது. புதர்ப் பக்கம் நிக்கும்போது என் கழுத்துல ஏதோ வந்து உக்காந்துச்சு. வழியெல்லாம் கடிச்சுது. கண்ணை மூடியிருந்ததால யாருன்னு தெரியலை. இப்ப பாருங்க, கையில வந்து உக்காந்திருக்கு."

அது ஒரு கொசு.

காப்பாளர் இயல்பாகவே கையை ஓங்கினார்.

"ஐயா!" என்று நால்வரும் அலறினார்கள். "எந்த உயிரையும் தொந்தரவு செய்யக் கூடாது!"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பரஞ்சோதி தாம் எழுதிய விதியைத் தாமே மீறாத மனிதர். கையை இறக்கிப் பேனாவைப் பிடித்து, 'கொண்டுவரப்பட்ட உயிரினம்: ஒன்று' என்று எழுதினார். பிறகு மெல்லச் சொன்னார்: "மிக்கேலம்மா, மன்னிச்சிரு. குறை குறைதான். இதுக்கு அனுமதி கொடுக்க முடியாது."

மிக்கேலம்மாள் பச்சை வண்ண வள்ளத்தைப் பார்த்தார். பதினெட்டு ஆண்டு ஐஸ் அவர் கண்ணுக்குள் உருகியது.

அப்போது ஆதிமூலம் யோசித்து முடித்திருந்தார். "ஏங்க, எடுத்து வந்ததைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுட்டா குறை தீர்ந்துருமே?"

"தீரும். ஆனா எதுல கொண்டுபோவீங்க? வெள்ளோட்டம் முடிஞ்சுபோச்சு. அனுமதி இல்லாத படகு தீவுக்குப் போகக் கூடாது" என்றார் காப்பாளர்.

மிக்கேலம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். அன்று முழுவதும் நால்வரோடு இருந்ததன் பயன் அப்போதுதான் அவருக்குக் கிடைத்தது.

"சரி ஐயா. தீவு உயிரினம் ஒண்ணு இனி ஆலமுனையிலேயே கிடக்கட்டும்னு எழுதி, நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நான் போறேன்."

"அது எப்படி எழுத முடியும்? தீவு உயிர் தீவிலதான் இருக்கணும்."

"அப்போ கொண்டுபோகணும்."

"கொண்டுபோகணும்தான்."

"படகு வேணுமே?"

"வேணும்தான்."

"படகுக்கு அனுமதி?"

காப்பாளர் வாய் திறக்குமுன் கொசு எழுந்து பறந்து அவருடைய மணிக்கட்டில் அமர்ந்தது; சிறிதும் தயங்காமல் வேலையைத் தொடங்கியது. காப்பாளர் பல்லைக் கடித்தார். கண்களில் நீர் தளும்பியது. கையை அசைக்காமல், விரல்களை மட்டும் நகர்த்தி, அனுமதிச் சீட்டில் கையெழுத்திட்டார்.

பின்னர் உறுதிசெய்யப்பட்ட செய்திகள் வருமாறு:

மிக்கேலம்மாளின் வள்ளத்துக்கு ஓராண்டு அனுமதி வழங்கப்பட்டது. காரணம் என்னும் கட்டத்தில் 'உயிரினம் ஒன்றைத் தாயகம் சேர்க்க' என்று காணப்படுகிறது.

கொசு அன்றிரவு தப்பிவிடாதிருக்க, கோதண்டமும் அதுவும் ஒரே கொசுவலைக்குள் படுத்தார்கள். மற்ற மூவரும் வலைக்கு வெளியே படுத்தார்கள்.

விடிந்தபோது வலைக்குள் இரண்டு கொசுக்கள் இருந்தன. எது முள்ளித்திட்டைச் சேர்ந்தது, எது ஆலமுனையைச் சேர்ந்தது என்பது கேட்டும் தெரியவில்லை.

ஆகவே இரண்டும் முறைப்படி வள்ளத்தில் ஏற்றிச் செல்லப்பட்டு முள்ளித்திட்டில் இறக்கிவிடப்பட்டன. ஆலமுனைக் கொசு தன் ஊருக்குப் போக வேண்டித் தானே படகுக்குத் திரும்பிவிடும் என்று ஆதிமூலம் யோசித்துச் சொன்னார். அனைவரும் புதரோரம் அரைமணி காத்திருந்தார்கள்.

திரும்பும்போது வள்ளத்தில் பதினொரு கொசுக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று உள்ளூர்க்கொசு என்பதிலும், மீதிப் பத்தை மறுநாளே கொண்டுபோய் விட வேண்டும் என்பதிலும் நால்வருக்குள் கருத்து வேறுபாடு இல்லை.