நாற்பது ஆண்டு நம்பகம்

போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் பூவிழி, செத்துப்போன யாளி ஹார்டு டிஸ்க்கோடு கோயம்புத்தூர் கருடா சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தாள். "வாரண்டி இருக்கு. மாத்தாம வந்தா நாளைக்கு வேலைக்கே வராதே" என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். யாளி கம்பெனியைக் கருடா போன வருஷம்தான் விழுங்கியிருந்தது.

மேனேஜர் சம்பந்தத்துக்கு முன்னால் அவருடைய டை நடந்து வந்தது. டிஸ்க்கை அவர் தொடக்கூட இல்லை.

"இது நாங்க வாங்குறதுக்கு முன்னாடி செஞ்ச சரக்கும்மா. கம்பெனியைத்தான் வாங்கினோம், அதோட கோளாறை இல்ல. யாளிக்காரங்ககிட்டயே போய் மாத்திக்க."

"இல்லாத கம்பெனிக்கு எந்த பஸ்ஸுங்க சார் போகுது?"

"அது உன் பாடு."

பூவிழி அவர் தலைக்கு மேலே தொங்கிய போர்டைப் பார்த்தாள். "நாற்பது ஆண்டு நம்பகம்னு போட்டிருக்கீங்க. கருடா அவ்வளவு பழசுங்களா?"

சம்பந்தம் டையை நீவிக்கொண்டார். "கருடாவுக்கு ஆறு வருஷம். யாளிக்கு முப்பத்திநாலு. சேர்த்தா நாற்பது. சும்மாவா?"

"அப்ப யாளியோட வயசு உங்களுது, டிஸ்க்கு மட்டும் எங்களுதுங்களா? ஒண்ணு இதை மாத்திக் குடுங்க. இல்லீனா ஒரு ஏணி குடுங்க, அந்த முப்பத்திநாலை நானே அழிச்சிட்டுப் போறேன்."

அவளுக்குப் பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. சம்பந்தம் அலமாரியைத் திறந்து புது டிஸ்க்கை எடுத்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, வரிசையில் நின்ற நாலு பேர் பைக்குள்ளிருந்து ஆளுக்கொரு யாளி டிஸ்க்கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள்.