பாறை மேல் என்ன?

ஒரு காட்டில் ஈச்சம் புதர்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, குழந்தைகளே. அங்கே வாத்தியார் ஒரு கரடி. நல்ல மனசுக்காரர்தான். ஆனால் எதையும் சட்டுப்புட்டென்று முடித்துவிட வேண்டும் அவருக்கு.

அந்தப் பள்ளியில் சுண்டு என்றொரு முயல்குட்டி படித்தான். பயிற்சி நேரத்தில் "அதோ பருந்து, ஓடுங்க!" என்று வாத்தியார் கை காட்டினால் மற்றவர்கள் ஒரு பக்கம் ஓடுவார்கள். சுண்டு மட்டும் அவர் கை காட்டிய பக்கமே ஓடுவான். "கவனமே இல்லாத பிள்ளை" என்று அவனைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார் கரடி.

சுண்டுவின் அம்மா செவ்வந்தி நாட்களை எண்ணத் தொடங்கினாள். மழைக்காலம் முடிந்தால் குட்டிகள் தனியாகப் புல்வெளிக்கு மேயப் போக வேண்டும். அங்கே நிஜப் பருந்து வட்டமிடும். இவனுக்கா கவனம் இல்லை? வீட்டில் சொன்ன கதையை ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறானே!

அன்று மாலை அவள் வளை வாசலில் நின்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். சுண்டு மூக்கோடு மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டே வந்து, "அம்மா, சிரிக்கிறியா, கோவமா இருக்கியா?" என்று கேட்டான். செவ்வந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மறுநாளே வாத்தியாரிடம் ஓடினாள். "ஐயா, இவனுக்குக் கண்ணு சரியில்லையோன்னு பயமா இருக்கு."

"அதெல்லாம் வருஷா வருஷம் பார்க்கிறோம்மா," என்றார் கரடி. "எதிர்ப் பாறையில ஓணானை உட்கார வைப்போம். பாறை மேல் என்னன்னு கேட்பேன். எல்லாரும் ஒரே குரல்ல ஓணான்னு சொல்லுவாங்க. உங்க பையனும்தான் சொன்னான். நாளைக்கு இந்த வருஷச் சோதனை. நீங்களே வந்து பாருங்க."

செவ்வந்தி நேரே ஓணானிடம் போனாள். "நாளைக்கு நீங்க வர வேண்டாம்," என்றாள்.

"நான் இல்லாம சோதனையா?" என்று ஓணான் சிலிர்த்துக்கொண்டது.

"பாவம், எத்தனை வருஷமா அந்த வெயில்ல உட்கார்ந்திருக்கீங்க! ஒரு நாளாவது லீவு உண்டா?"

இப்படி அதை யாரும் கேட்டதே இல்லை. ஓணான் அந்த நிமிஷமே லீவு எடுத்துக்கொண்டது. செவ்வந்தி அடுத்து ஓடைப் பக்கம் போனாள்.

மறுநாள் பாறைக்கு முதுகைக் காட்டி நின்றபடி கரடி கேட்டார்: "பாறை மேல் என்ன?"

"ஓணான்!" என்று காடே அதிர்ந்தது.

"சபாஷ்! எல்லார் கண்ணும் பிரமாதம். போய் விளையாடுங்க."

"ஐயா, ஒரு தடவை திரும்பிப் பாருங்க," என்றாள் செவ்வந்தி.

கரடி திரும்பினார். பாறை மேல் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"எனக்குத் தவளைதான் தெரிஞ்சுது," என்று முனகியது ஒரு குரங்குக்குட்டி. "எல்லாரும் ஓணான்னாங்க, நானும் சொல்லிட்டேன்."

கரடிக்கு வெட்கமாகப் போயிற்று. குட்டிகளை எல்லாம் புதருக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் பாறை மேல் வேறொரு பொருளை வைத்தார்.

சுண்டுவின் முறை வந்தது. "பாறை மேல் என்ன?"

"பாறை எங்க இருக்கு ஐயா?"

கரடி அவன் அருகே போய்க் குனிந்தார். "இத்தனை நாளா ஏன்டா சொல்லலை?"

"எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன், ஐயா."

அவன் மட்டும் இல்லை. வகுப்பிலேயே முதலாவதாக வரும் அணில்குட்டிக்கும் பாறை மங்கலாகத்தான் தெரிந்தது. அவள் எல்லாவற்றையும் காதால் கேட்டே ஒப்பித்து வந்திருக்கிறாள்.

தூக்கணாங்குருவி ஓடைப் பளிங்குக் கல்லைத் தேய்த்து, நாரில் கோத்து, இருவருக்கும் கண்ணாடி செய்து கொடுத்தது. கரடி இருவரையும் முன் வரிசையில் உட்கார வைத்தார்.

மழைக்காலம் முடிந்தது. குட்டிகள் புல்வெளிக்குப் போயின. செவ்வந்தி புல்வெளியின் இந்தக் கோடியில் புதரோரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பருந்து! எல்லாரும் ஒளிஞ்சுக்கோங்க!"

முதலில் கத்தியது சுண்டுதான். குட்டிகள் சிதறி ஒளிந்தன. பருந்து வெறுங்காலோடு திரும்பிப் பறந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, புல்வெளியின் அந்தக் கோடியிலிருந்து சுண்டுவின் குரல் கேட்டது:

"அம்மா, ஏன் அழுறே?"

நீதி: கூட்டத்தைக் கேட்டால் கூட்டத்தின் பதில்தான் வரும், ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.