ஆள்காட்டி வாயை மூடிய கோடை

அந்தக் காலத்தில், பறப்பதும் ஊர்வதும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரிய ஏரிக்கு ஆள்காட்டிக் குருவிதான் காவல். கரையை யாராவது தோண்டினால் அது கத்த வேண்டும். சத்தம் கேட்டதும் எருமைகள் ஓடிவந்து ஓட்டையை மிதித்து அடைத்துவிடும். கூடு கட்டத் தெரியாத ஆள்காட்டி, கரைக்குக் கீழே வெறும் தரையில்தான் முட்டையிடும். அந்த முட்டைகளை மிதிக்காமல் எல்லா உயிர்களும் சுற்றிப் போக வேண்டும். அதுதான் காவலுக்குக் கூலி. மற்ற நேரத்தில் ஆள்காட்டி பரம சாது. வாயே திறக்காது.

ஒரு கோடையில் வயல் நண்டு வந்தது. வயிற்றில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு, வெயிலில் வெந்துபோய், கரையைத் தோண்டத் தொடங்கியது. ஆள்காட்டி கத்த வாயெடுத்தது.

"கத்திடாதக்கா! நீயும் புள்ளைக்காரிதானே? ஒரு விரல் போற அளவுதான். குஞ்சுங்க இறங்கினதும் நானே மண்ணை வச்சு அடைச்சிடறேன்."

ஆள்காட்டிக்கு மனசு இளகிவிட்டது. பாவம் பார்த்தது தப்பில்லை. எருமைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பாவம் பார்த்திருக்கலாம். இத்தனூண்டு ஓட்டைக்குப் போய் அவர்களைக் கூப்பிடுவதா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நண்டு போனது, ஓட்டை போகவில்லை. அடுத்து வந்த பெருச்சாளி அதையே அகலமாகக் குடைந்தது.

"ஏய், கத்துவேன்!" என்றது ஆள்காட்டி.

"தாராளமா கத்து. நண்டு தோண்டினப்ப ஏன் கத்தலைன்னு எருமை கேட்டா என்ன சொல்லுவ?" என்று பெருச்சாளி பல்லைக் காட்டியது.

ஆள்காட்டி யோசித்தது. காவல் போய்விட்டால் முட்டைகளைச் சுற்றி யார் நடப்பார்கள்? வாயை மூடிக்கொண்டது. பிறகு உடும்பு வந்தது. அது கேட்கவும் இல்லை, கொள்ளவும் இல்லை. பெருச்சாளியின் வளையைப் பெரிதாக்கிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டது. வெளியே தெரியாமல் இருக்க, ஆள்காட்டியே சருகுகளை இழுத்துவந்து வளையை மூடியது. தான் என்ன செய்கிறோம் என்று நினைக்கவே அதற்குப் பயமாக இருந்தது.

மழைக்காலம் வந்தது. ஏரி நிறைய நிறைய ஆள்காட்டிக்குத் தூக்கம் போனது. புதிதாக இட்ட முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி கரையையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒருநாள் பட்டப்பகலிலேயே வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. ஆள்காட்டிக்கு அடிவயிற்றில் ஈரம் தட்டியது. எழுந்து பார்த்தால், முட்டைகளைச் சுற்றிக் கலங்கல் தண்ணீர். அது மூடிவைத்த சருகுகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. கரைக்குள்ளிருந்து யாரோ மடக் மடக்கென்று தண்ணீர் குடிப்பதுபோல் சத்தம் கேட்டது.

அப்போதுதான் கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. எருமைகள் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு ஓடிவந்தன. முன்னால் வந்த கிழட்டு எருமை ஓட்டையில் கால் வைத்ததும் தொடைவரை உள்ளே போய்விட்டது.

"எத்தனை நாளா இருக்கு இது?" என்று அது கேட்டது.

ஆள்காட்டி மிதந்து வந்த சருகுகளைப் பார்த்தது.

"முன்னாடியே கத்துறதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

காலடியில் கரை அசைந்தது. எருமை காலை உருவிக்கொண்டு மேட்டுக்கு ஓட, மற்றவையும் பின்னால் ஓடின. ஆள்காட்டி ஒரு முட்டையையாவது கவ்விக்கொண்டு பறக்கப் பார்த்தது. அலகுக்குள் அடங்கவில்லை. மறுபடி பார்த்தது. அதற்குள் கரை பிளந்து, வந்த வெள்ளம் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனது.

வெள்ளம் வடிந்த பிறகும் அந்தப் பறவை வெறும் தரைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. அழுது அழுது கண்ணோரம் சிவந்தது. அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை.

அன்று முதல்தான், ஏரிக்கரையில் பால் மறக்காத ஆட்டுக்குட்டி கால் வைத்தாலும், ஆள்காட்டி அதன் தலைக்கு மேல் வட்டமிட்டு ஊரே கேட்கக் கத்தித் தீர்க்கிறது.